அதிரசம் தின்ற தாகம்

அன்று கடலைக்காட்டில் இருந்தவர்கள் ஆறு பேர்: நிலக்காரர் நல்லதம்பி, மேஸ்திரி துரைக்கண்ணு, களையெடுக்கும் பெண்கள் மூவர், மருந்தடிக்கும் பவுனம்மா. மழை பெய்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. செடிகள் வெளுத்து வாடி நின்றன.

மரத்தடியில் உட்கார்ந்து, தூக்குவாளியில் இருந்த பதினொரு அதிரசத்தில் மூன்றைத் தின்று முடித்த நல்லதம்பி, "செடிக்குப் பசி. நாலு மூட்டை யூரியாவையும் இப்பவே வீசு. முடியாதுன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே" என்றார் பவுனம்மாவிடம்.

"வீசறேங்க ஐயா. அதுக்குள்ள நீங்க இன்னும் ரெண்டு அதிரசம் சாப்பிடுங்க. தண்ணி மட்டும் நான் வீசி முடிச்சப்புறம் குடிக்கணும்" என்றாள் பவுனம்மா.

"இதுக்கெல்லாம் ஒரு நிபந்தனையா?" என்று சிரித்தபடி இரண்டையும் தின்றார். பவுனம்மா முதல் மூட்டையின் தையல் நூலை நிதானமாக உருவினாள். நூல் பாதி வருவதற்குள் அவர் கை பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்துக்குப் போய்விட்டது.

"ஐயாவுக்குப் பசி தீந்துச்சு, தாகம் கூடிப்போச்சு. செடிக்கும் அப்படித்தாங்க. யூரியா தின்னா தழை பெருத்துத் தண்ணி கேக்கும். அதுக்குக் குடம் எங்க இருக்கு? பொட்டாஷ் உரத்தைக் கரைச்சு இலையில தெளிச்சா, இருக்கிற ஈரத்தை விடாம மழை வரைக்கும் தாக்குப்பிடிக்கும்."

மேஸ்திரி சிரிப்பை மறைக்கத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். நல்லதம்பி இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, "பொட்டாஷையே கரை" என்றார். பிறகு தூக்குவாளியை அவர்கள் பக்கம் தள்ளினார்.

ஐந்து பேரும் ஆளுக்கொன்று எடுத்தபின் மீதி இருந்தது ஒன்று.