நரி எழுந்த இடம்

அணைக்கட்டுக்குக் கீழே ஒரு ஊர். அந்த ஊரில் நஸ்ரின் என்று ஒரு கணினி ஆசிரியை. முப்பது வயதைத் தாண்டாதவள். அவளிடம் படிக்க வந்த சவரிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. அணையில் எலெக்ட்ரீஷியன். ஆனாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்.

அவர் ஒரு ப்ரோகிராம் எழுதியிருந்தார். ஷட்டர் திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது அது சைரனை ஊத வேண்டும். ஆற்றுக்குள் வாத்து மேய்ப்பவர்களுடைய போன்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். எண்களின் பட்டியலை ப்ரோகிராமுக்குப் பக்கத்திலேயே, ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தார். அவர் மேஜையில் எல்லாம் பிசகாமல் நடந்தது. ஃபோல்டரோடு கண்ட்ரோல் ரூமுக்குப் போனதும் பட்டியலைக் காணோம் என்று சொல்லி நின்றுவிட்டது.

மறுநாள் பதினோரு மணிக்குத் தண்ணீர் திறப்பு.

நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். நிற்கிற இடத்தில் பட்டியலைத் தேடு என்று ப்ரோகிராமுக்குச் சொல்லியிருந்தாராம். அதுவோ தன் ஃபோல்டரை விட்டு, கூப்பிடுகிறவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போய் நின்றுகொண்டது. சரி, கூப்பிட்ட பெயரைப் பிடித்துக்கொண்டு போ என்று மாற்றினாராம். ஊளையிடுகிறதே என்று ஆபரேட்டர் பரஞ்சோதி அதற்கு 'நரி' என்று பெயர் வைத்து, திரையில் ஒரு ஷார்ட்கட் போட்டிருந்தான். ப்ரோகிராம் அங்கே போய்ப் பார்த்தால் பெயர் மட்டும்தான் இருந்தது, பட்டியல் இல்லை. ஃபோல்டரின் முகவரியை ப்ரோகிராமுக்கு உள்ளேயே எழுதிவிடவும் வழியில்லை. மழைக்காலம் வந்தால் கணினியை மாடிக்கு ஏற்றி, எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடுவது அணையில் வழக்கம்.

"தன் வீடு எதுன்னு அதுக்கே தெரியலையே டீச்சர். எப்படித் தெரிஞ்சுக்கும்?"

நஸ்ரின் அவருடைய சிவந்த கண்களைப் பார்த்தாள். தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்டாள். இரண்டு நாள் என்றார்.

"பின்னாடி ரூம்ல பாய் இருக்கு. போய்ப் படுங்கண்ணே."

ஆற்றுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், நான் படுக்கவா என்று முணுமுணுத்தார். அவள் அதற்குள் வேறொரு மாணவியிடம் போயிருந்தாள். சொன்ன சொல்லைத் தட்ட மனமில்லாமல் போய்ப் படுத்தார். படுத்ததுதான் தெரியும்.

நஸ்ரின் கதவைத் தட்டுகிற சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தார். சுவர் புதிது. தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேன் புதிது. மூலையில் பழைய மானிட்டர்கள் குவிந்து கிடந்தன. ஒன்றும் பிடிபடவில்லை.

"எங்க இருக்கேன்?"

"என்னை ஏண்ணே கேக்கறீங்க?"

"நீங்கதானே எழுப்பினீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

நஸ்ரின் டீ கிளாஸை நீட்டினாள்.

"நரின்னு கூப்பிடறது பரஞ்சோதி. அதை எழுப்பறது யாருண்ணே?"

சவரிமுத்து கிளாஸைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பரஞ்சோதி கூப்பிடுவதோடு சரி. எங்கோ கிடக்கிற ப்ரோகிராமைத் தேடி எடுத்து ஓட வைப்பது ஆபரேட்டிங் சிஸ்டம். ப்ரோகிராம் எங்கே கிடக்கிறது என்று அந்த சிஸ்டத்தை அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

டீயில் ஆடை படிந்தது.

மறுநாள் மதியம் பரஞ்சோதி போன் செய்தான். பத்து மணிக்கெல்லாம் நரி ஊளையிட்டதாம். கடைசி வாத்தும் கரையேறிய பிறகுதான் ஷட்டரைத் தூக்கினார்களாம்.

"அது சரி, இன்னிக்கு மட்டும் அதுக்கு வீடு எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"எழுப்பினவங்களைக் கேட்டுச்சு," என்றார் சவரிமுத்து.