லிஃப்ட் வாசலில் ஒரு எலுமிச்சம்பழம்

ஜவுளிக்கடை முதலாளி தணிகாசலம் புது லிஃப்டுக்குப் பூஜை போட்டு, அதன் வாசலில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார். அதோடு கதவு மூடமாட்டேன் என்றது. குறுக்கே எது இருந்தாலும் சென்சார் கதவை மூடவிடாது.

“எலுமிச்சையை எடுத்தா ஊர்க்கண் பட்டுடும். எடுக்காம மூடு. முடியாட்டி லிஃப்டையே கழட்டிட்டுப் போ” என்று மெக்கானிக் எஸ்தரிடம் எகிறினார்.

“ஊர்க்கண் லிஃப்ட் மேலயா விழுது, முதலாளி? உங்க மேலதானே” என்றாள் எஸ்தர்.

முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தானே அவிழ்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கதவு சமர்த்தாக மூடியது.

மறுபடி திறக்கச் சொல்லி, ஃபோட்டோவுக்காக வாசல் நடுவிலேயே நின்றார். கதவு அசையவில்லை.

“இப்ப என்னம்மா கோளாறு?”

“கோளாறு இல்லீங்க. சென்சாருக்கு எலுமிச்சையும் முதலாளியும் ஒண்ணுதான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”