பலகையடியில் ஒரு கையெழுத்து

ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனி. ஸ்கேன் மெஷினுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைச் செய்து கொடுப்பதுதான் அதன் பிழைப்பு. அனுப்பிய நாற்பது கட்டும் திரும்பி வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒயர்கள் இடம் வலம் மாறியிருந்தன.

மேனேஜர் கருணாகரன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "தப்பு செஞ்சவ யாருன்னு சாயங்காலத்துக்குள்ள தெரியணும். இல்லேன்னா பன்னிரண்டு பேரும் வெளியே!"

யாரைச் சொல்வது? ஒயர் கட்டும் பன்னிரண்டு காண்ட்ராக்ட் பெண்களும் தலை கவிழ்ந்தார்கள். அவர்களில் அமுதவல்லி மட்டும் எழுந்தாள். "சார், உங்க கண்ணு முன்னாடியே ஒண்ணு கட்டுறேன். தப்பு பண்ணா அப்பவே கையைப் பிடிங்க."

கட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்த ஸ்கேன் கம்பெனிக்காரரும் பக்கத்தில் நின்றார். வேலைப் பலகையில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து அவள் ஒவ்வொரு ஒயராகச் சொருகினாள். கடைசிவரை மேனேஜரின் கை நீளவில்லை.

"சரியா சார்?"

"ரொம்பச் சரி."

வந்தவர் அதைத் தான் கொண்டுவந்த சரியான மாதிரியோடு வைத்துப் பார்த்தார். அதே தப்பு.

"அப்போ தப்பு கையில இல்லீங்க சார், படத்துல இருக்கு" என்றாள் அமுதவல்லி.

பின்பக்கம் ஒயர் சொருகும் பிளக்கை முன்பக்கமிருந்து பார்த்து வரைந்திருந்தார்கள்; அதில்தான் இடம் வலமாகியிருந்தது. படத்தின் அடியில், சரிபார்த்ததாக, கருணாகரனின் கையெழுத்து.

பதினொரு பேருடைய வேலை தப்பியது. மறுநாள் அந்தப் பலகையைக் கழற்றினார்கள். அமுதவல்லியை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். புதுப் பலகையின் அடியிலும் அதே கையெழுத்துதான்.