துடியும் எண்ணூறு வாட் பெட்டியும்

துடி என்ற கீரிக்கு நடந்தது அப்பட்டமான அநியாயம். அவள் கெடுக்காத கம்ப்யூட்டரை அவள்தான் கெடுத்தாள் என்று நாவல்காடே சேர்ந்து சொன்னது. "இனிமே அது பக்கமே வராதே!" என்று துரத்தியும் விட்டது. இத்தனைக்கும் அவள் என்ன செய்தாள்? ஒரு கேள்வி கேட்டாள். அதுவும் சரியான கேள்வி!

நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நாவல்காட்டின் நடுவே ஒரு குளம். கரையில் ஒரு மருதமரப் பொந்து. அதற்குள் காட்டுக்கே பொதுவான ஒரு கம்ப்யூட்டர். நீர்நாய்கள் ஓடையில் சக்கரம் வைத்து அதற்குக் கரண்ட் எடுத்துக் கொடுத்தன. குரங்குகள் அதில் கேம் ஆடின. துடி படம் வரைந்தாள். சும்மா நிற்கிற படம் இல்லை. ஓடும், ஆடும், இடி இடிக்கும் படம்!

அந்த வருடம் மழை வரவேற்பு விழாவுக்கு ஒரு முழு மழைப்படத்தையே அவள் செய்து வைத்திருந்தாள். சாயங்காலம் வெள்ளைப் பாறையில் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். அதுதான் அவள் ஆசை. ஆனால் கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டது. படத்தில் இருக்கும் தவளை ஒரு தாவல் தாவி முடிப்பதற்குள், குளத்தில் இருக்கும் தவளை ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடும்!

ஆகவே புது கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினார்கள். கார்டு மட்டும் வந்தால் போதுமா? அது கரண்டை மடக் மடக்கென்று குடிக்கும். உள்ளே இருக்கும் எல்லாப் பாகத்துக்கும் கரண்டைப் பங்கிட்டுக் கொடுப்பது பவர் சப்ளை பெட்டி. பழைய பெட்டி இந்தப் புதுப் பசிக்குத் தாங்காது. அதனால் நரி மாமா மலையடிவாரச் சந்தைக்குப் போய், பார்த்துப் பொறுக்கி எடுக்க இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்தார்.

ஒன்று கறுப்பு. பாறாங்கல் மாதிரி கனம். "அறுநூறு வாட்" என்று ஓர் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தது. இன்னொன்றில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குகள். "எண்ணூறு வாட்!" என்று பக்கம் முழுக்கப் பெரிதாக எழுதியிருந்தது.

"இதிலே யோசிக்க என்ன இருக்கு? எண்ணூறுதான் பெரிசு!" என்றார் நரி மாமா.

துடி விளக்குப் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கினாள். மேலே போட்டுப் பிடித்தாள்.

"என்ன மாமா இது, காத்தடைச்ச பை மாதிரி இருக்கு! உள்ளே ஏதாவது வெச்சிருக்காங்களா? வயரைப் பாருங்க, எலிவால் கூட இதைவிடத் தடிமன். இந்த எண்ணூறு வாட்டை இது எவ்வளவு நேரம் கொடுக்கும்? கண் சிமிட்டுற நேரமா, படம் முடியிற வரைக்குமா?"

அவ்வளவுதான். குளக்கரையில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மீன்கொத்தி வாயில் இருந்த மீனைக் கூட நழுவ விட்டது.

ஏன் என்று கேட்கிறீர்களா? நாவல்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் எல்லோரும் குளக்கரையில் கூடுவார்கள். அவரவர் பலத்தை அவரவரே எழுந்து சொல்வார்கள். மற்றவர்கள் "ஆமாம் ஆமாம்!" என்று தலையாட்ட வேண்டும். "அப்படியா?" என்று திருப்பிக் கேட்டால் பெரிய அவமரியாதை. "ஒரே தாவலில் மலையைத் தாண்டுவேன்!" என்று தவளை சொன்னால் கூட யானையம்மா முதல் எறும்பு வரை எல்லோரும் தலையாட்டுவார்கள். எத்தனை அழகான மரியாதை! எத்தனை பெரிய அசட்டுத்தனம்!

"பெட்டி தன் பலத்தைத் தன் மேலயே எழுதி வெச்சிருக்கு. அதைப் போய்ச் சந்தேகப்படுறியே, வெட்கமா இல்லை?" என்றார் நரி மாமா.

"பெட்டிக்கு மனசு வருத்தப்படுமா மாமா? கார்டுக்கு இருநூறு வாட் வேணும். மத்ததுக்கெல்லாம் சேர்த்து நூத்தைம்பது. அறுநூறே தாராளம். ஆனா அதை நிஜமாக் கொடுக்கணும்!"

"எதிர்த்து எதிர்த்துப் பேசாதே!"

"எதிர்த்துப் பேசலை, கணக்குப் பேசுறேன்!"

காட்டின் தலைவி யானையம்மா தும்பிக்கையை உயர்த்தினார். "போதும் துடி. எண்ணூறுன்னு சொல்லுதுல்ல? ஆமாம்னு தலையாட்டிட்டு மாட்டிவிடு."

துடி பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினாள். கறுப்புப் பெட்டியை நரி மாமா தன் குகைக்கு எடுத்துப்போய், கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டார்.

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை. படத்தின் தலைப்பு பாறையில் ஜம்மென்று விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மேகம் கூடியது. கார்டின் விசிறி உர்ரென்று சுழன்றது. முதல் இடி இடிக்க வேண்டிய நேரம்.

டப்!

எல்லாம் இருட்டு. மறுபடி போட்டார்கள். தலைப்பு வந்தது, மேகம் வந்தது, இடி வரும்போது டப்! மூன்றாவது தடவை பெட்டியிலிருந்து கருகல் வாசனையும் சேர்ந்து வந்தது.

"பாத்தீங்களா!" என்று குதித்தார் நரி மாமா. "கண்ணு பட்ட மாதிரி இவ வாய் பட்டுடுச்சு. மாட்டினதும் இவ கைதான்!"

"என் கையா? என் கையில கெட்டிருந்தா தலைப்பே வந்திருக்காதே! கனமான காட்சி வரும்போது மட்டும் ஏன் அணையுது? கார்டு கரண்டு கேக்குது, பெட்டியால கொடுக்க முடியலை! அந்தக் கறுப்புப் பெட்டியைப் போட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்!"

"அதைப் போட்டா இதைப் பொய் சொல்லின்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?" என்றார் நரி மாமா. தலைகள் எல்லாம் ஆடின. யானையம்மாவின் தலையும்தான். துடி பொந்துப் பக்கம் வரக்கூடாது என்று தீர்ப்பு ஆனது. விழாவில் படமும் கிடையாது. அதற்குப் பதில் நரி மாமா சொற்பொழிவு ஆற்றுவார்!

இதைக் கேட்டதும் முயல் குட்டிகள் ஓவென்று அழுதன. போன வருடம் அவர் பேச ஆரம்பித்து முடிப்பதற்குள் மழையே வந்து போய்விட்டதாம்.

துடி அழவில்லை. அவளுக்கு வந்தது கோபம். வழக்கத்தைக் காட்டித்தானே வாயை அடைத்தார்கள்? சரி, அந்த வழக்கத்தை வைத்தே பேசுகிறேன் என்று முடிவு செய்தாள்.

விழா நாள் காலை. குளக்கரையில் வழக்கம்போல் எல்லோரும் கூடியிருந்தார்கள். சிறுத்தை அண்ணன் எழுந்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"இந்தக் காட்டிலேயே பலசாலி நான்தான்! மரத்தையே இழுப்பேன்!"

"ஆமாம் ஆமாம்!" என்றது கூட்டம். துடிதான் எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள்.

அடுத்து எருமை அக்கா. அவள் கூச்சத்தோடு, "நான் என்ன, ஏதோ கொஞ்சம் இழுப்பேன்" என்று சொல்லிவிட்டு அசைபோடப் போய்விட்டாள்.

துடி முன்னால் வந்தாள். "சிறுத்தையண்ணே! நீங்க சொன்னதை நான் முழுசா நம்புறேன். அந்தப் பலத்தைக் கண்ணாலயும் பாத்துட்டா ஜென்மம் சாபல்யம். அதோ கரையில கிடக்கிற அந்த மரக்கட்டையைக் குளத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு இழுத்துக் காட்டுங்களேன்!"

புகழ்ந்து கேட்டால் யார் மறுப்பார்கள்? கட்டையில் கொடியைக் கட்டினார்கள். குரங்குக் கூட்டம் கேட்காமலே அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சிறுத்தை பாய்ந்தார். அடேயப்பா, என்ன பாய்ச்சல்! கட்டை பறந்தது. குரங்குகள் "ஹோய்!" என்று கூவின. நரி மாமா கை தட்டினார். ஆலமரம் வரைதான். அங்கே வேகம் குறைந்தது. நாணல் புதரில் கால் தள்ளாடியது. அதற்கப்புறம் சிறுத்தை நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பொத்தென்று படுத்துவிட்டார்.

"என்னண்ணே, தூக்கம் வருதா?" என்று கேட்டது ஒரு குரங்கு.

"இறங்கித் தொலைடா முதல்ல!" என்றார் சிறுத்தை, மூச்சு வாங்கிக்கொண்டே.

"எருமையக்கா, நீங்க கொஞ்சம் இழுக்கிறீங்களா?" என்று கேட்டாள் துடி.

எருமை அக்கா கொடியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நடந்தாள். வாயில் புல், கண்ணில் அரைத்தூக்கம். நாணல் புதரைத் தாண்டினாள், சேற்றைத் தாண்டினாள், குளத்தைச் சுற்றி முடித்தாள். அடுத்த சுற்றையும் தொடங்கினாள். "அக்கா, போதும்!" என்று கூப்பிட்ட பிறகுதான் நின்றாள்.

சிறுத்தைதான் முதலில் சிரித்தார். "நான் பொய் சொல்லலை துடி. இழுக்கத்தான் செஞ்சேன். மூச்சு அவ்வளவுதான் இருந்தது!"

"அதைத்தான் அண்ணே நானும் சொல்றேன்!" துடி எல்லோரையும் பார்த்துத் திரும்பினாள். "அந்த விளக்குப் பெட்டி எழுதி வெச்சிருக்கிறது ஒரு பாய்ச்சலோட கணக்கு. நம்ம படத்துக்கு வேண்டியது குளத்தைச் சுத்துற பலம். அதே கார்டு, என்னோட அதே கை. பெட்டியை மட்டும் மாத்துவோம். இப்பவும் அணைஞ்சா, நானே இந்தக் காட்டை விட்டுப் போயிடுறேன்!"

யானையம்மா நரி மாமா பக்கம் திரும்பினார். "நரி, போய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிற பெட்டியை எடுத்துட்டு வா" என்றார்.

கறுப்புப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நரி மாமா வந்து சேர்ந்தார். நல்ல தடிமனான வயர்களைத் துடி ஒவ்வொன்றாகச் செருகினாள். கார்டுக்கென்றே தனி வயர் இருந்தது. அதையும் சரியாகச் செருகினாள்.

சாயங்காலம். பாறையில் தலைப்பு வந்தது. மேகம் கூடியது. விசிறி உர்ரென்றது.

டமால்!

அணைந்த சத்தம் இல்லை, இடி! பாறை முழுக்க மின்னல். அடுத்து மழை, மழை, மழை! குளத்துத் தவளைகள் நிஜ மழை என்று நினைத்துக் கத்தத் தொடங்கின. முயல் குட்டிகள் யானையம்மாவின் காதுக்குக் கீழே ஓடி ஒதுங்கின. படம் முடிகிற வரை ஒரு முறைகூட அணையவில்லை. முடிந்ததும் "இன்னொரு தடவை!" என்று காடே கத்தியது.

யானையம்மா துடியைத் தும்பிக்கையால் தூக்கித் தன் தலைமேல் உட்கார வைத்தார். "தப்பு எங்க மேலதான்மா. உன்னைத் துரத்தியிருக்கக் கூடாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

நரி மாமாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கீழே நின்று கேட்டார்: "அப்போ இனிமே யார் என்ன சொன்னாலும் நம்பக்கூடாதா? நம்ம காட்டோட மரியாதை என்ன ஆகுறது?"

துடி மேலே இருந்து குனிந்து பதில் சொன்னாள்: "தாராளமா நம்பலாம் மாமா. ஆனா ஒருத்தர் தன் பலத்தைப் பத்திச் சொல்றதை நம்பி அவர் மேல சுமையை ஏத்துறதுக்கு முன்னாடி, அந்தச் சுமையை அவர் கடைசி வரைக்கும் தாங்குவாரான்னு கேட்டுப் பாத்துடணும். அப்படிக் கேக்கிறது அவமரியாதை இல்லை, அதுதான் புத்தி!"