அவன் மட்டும் இல்லையென்றால்

கோயம்புத்தூருக்கு வெளியே கார் பந்தயம் கற்றுக்கொடுக்கும் லவீனாவை எல்லோரும் 'மிஸ்' என்றே அழைத்தார்கள். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஆண்பிள்ளைகளை அழவைத்தவர். இப்போது வண்டிக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மடியில் தட்டை வைத்து அவரைக்காய்க்கு நார் உரிப்பார். தலை நிமிராமலே, எந்த வண்டி எந்த வளைவில் தப்பு செய்தது என்று சொல்லிவிடுவார்.

அவரிடம் இரண்டு சீடர்கள், ரித்விக்கும் தரணியும். ஒரே அணி, ஒரே மாதிரி வண்டி. பத்துப் பந்தயங்களில் ஐந்து முடிந்திருந்தன. ரித்விக் முதலிடம், தரணி இரண்டாமிடம். இரண்டாமிடம் வேறு யாருக்காவது நல்ல செய்தியாக இருந்திருக்கும். தரணிக்கு அது பல்வலி.

அடுத்த வருடம் இருவரில் ஒருவனை மலேசியாவில் ஓட்ட அனுப்புவதாக அணியின் முதலாளிகள் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை வருகிறார்கள். பாதி சீசனில் என்ன செய்தாய், இனி என்ன செய்யப்போகிறாய் என்று ஒவ்வொருவனும் அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை தரணி வந்து நின்றான்.

"நாளன்னைக்குப் பேசறதை உங்ககிட்டச் சொல்லிப் பாக்கட்டுங்களா மிஸ்?"

"சொல்லு. காது சும்மாதான் இருக்கு."

"முதல் பந்தயத்துல ரித்விக்குக்குப் புது டயர் போட்டாங்க. எனக்கும் போட்டாங்க, ஆனா அவனுக்குத்தான் முதல்ல. ரெண்டாவதுல புறப்படறப்பவே ரித்விக்குக்கு எனக்கு முன்னாடி இடம். மூணாவதுல மழை. ரித்விக்குக்கு மழைன்னா ராசி. நாலாவதுல அவங்கப்பா வந்திருந்தாரு, ஆளாளுக்குக் கைதட்டினாங்க."

"ஞாயித்துக்கிழமை?"

தரணி அவரைக்காய்த் தட்டைப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது பந்தயத்தில் நடந்தது ஊருக்கே தெரியும். தண்ணீர்த் தொட்டி வளைவில் ரித்விக் பிரேக் போட மறந்து நேராகச் சரளை மண்ணுக்குள் இறங்கினான். பின்னால் வந்த தரணிக்கு வழி திறந்து கிடந்தது. அவனும் நேராக மண்ணுக்குள் இறங்கினான். "ரெட்டைப் புள்ளைங்களா, பாத்ரூமுக்கும் சேந்துதான் போவீங்களா?" என்று மெக்கானிக் செல்வராஜ் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுலயும் பாருங்க மிஸ். அவன் வண்டி வெளிய வந்து ஆறாவதா முடிச்சுது. என்னது அங்கயே உக்காந்துடுச்சு. மண்ணுகூட அவனுக்குத்தான் வழி விடுது."

"இனிமே என்ன பண்ணப் போறே?"

"ரித்விக்கை முந்தணுங்க."

"அப்புறம்?"

"அவன் திரும்ப முந்தாமப் பாத்துக்கணுங்க."

மிஸ் ஒரு நாரை இழுத்துப் போட்டார்.

"ஏன்டா, முதலாளிங்க உன்னை விசாரிக்க வராங்களா, அவனுக்குப் பொண்ணு குடுக்க விசாரிக்க வராங்களா?"

"அவன் மட்டும் இல்லைன்னா மிஸ், நான் எங்கயோ போயிருப்பேனுங்க."

"எங்கே?"

"எங்கயோ."

மறுநாள் காலை தரணி வந்தபோது கொட்டகையில் ஒரே ஒரு வண்டி நின்றது.

"ரித்விக் எங்கீங்க மிஸ்?"

"வரவேண்டாம்னு சொல்லிட்டேன். மத்தியானம் வரைக்கும் டிராக் உனக்கு. வேற வண்டி கிடையாது. ஓட்டு."

முதல் பந்தியில் இலை கிடைத்தவன்போல் தரணியின் முகம் மலர்ந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பறந்தான்.

திரும்பி வந்ததும் செல்வராஜ் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையைவிட மெதுவாக ஓட்டியிருந்தான்.

"டயர் பழசுங்க மிஸ்."

மாற்றினார்கள். இன்னும் மெதுவாக வந்தான்.

"பெட்ரோல் ஜாஸ்தி. வண்டி கனக்குது."

குறைத்தார்கள். அப்போதும் அப்படித்தான்.

தரணி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். குறை சொல்ல வேண்டிய ஆள் அன்றைக்கு வரவில்லை.

மிஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவனைத் தண்ணீர்த் தொட்டி வளைவுக்கு நடத்திக் கூட்டிப்போனார். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றார்.

"கண்ணை மூடு."

மூடினான்.

"மூணு வருஷமா இங்கே ஓட்டறே. இந்த வளைவுக்கு முன்னாடி என்னென்ன இருக்கு, சொல்லு."

எண்ணுவதற்கு ஒரு விரலை மடக்கினான்.

"ரித்விக் வண்டி இருக்குங்க."

"சரி, அதைச் சொல்லு."

மடமடவென்று வந்தது. "பின்னாடி கிரைண்டர் கம்பெனி ஸ்டிக்கருங்க. இடது மூலை உரிஞ்சிருக்கும். அதுக்குக் கீழ அவன் பேரை எழுதினதுல ஒரு எழுத்து ஜாஸ்தி. சைலன்ஸர் கொஞ்சம் வலது பக்கம் சாஞ்சிருக்கும். பம்பர்ல ஒரு கீறல், அது நான் இடிச்சது. பிரேக் லைட்டுல வலது பக்கத்து லைட் மங்கலா எரியும்."

"கண்ணைத் திற."

திறந்தான். அவன் மூக்குக்கு எதிரே, ஆள் உயரத்துக்கு ஒரு மஞ்சள் பலகை நின்றது. இந்த இடத்தில் பிரேக் போடு என்று ஓட்டுநர்களுக்குச் சொல்லும் பலகை.

"இதை எப்ப வெச்சாங்க மிஸ்?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி."

தரணி பலகையைத் தொட்டுப் பார்த்தான். வெயிலில் பெயின்ட் கொதித்தது.

"நீ எப்போ பிரேக் போடுவே?" என்றார் மிஸ்.

"அவன் லைட் எரிஞ்சதும்."

"ஞாயித்துக்கிழமை எரிஞ்சுதா?"

"இல்லீங்க."

தூரத்தில் செல்வராஜ் எதற்கோ சிரிப்பது கேட்டது. தன்னைப் பார்த்துத்தான் என்று தரணிக்குத் தோன்றியது. தலை குனிந்துகொண்டான்.

"அப்ப மலேசியா அவனுக்குத்தானுங்களா மிஸ்?"

"ஏன்? உனக்கே குடுத்துட்டாங்கன்னு வெச்சுக்கோ."

அன்றைக்கு முதல்முறையாகத் தரணி சிரித்தான்.

"புது ஊரு, புது டிராக்," என்றார் மிஸ். "ரித்விக் இங்கேயே கோயம்புத்தூர்ல கிடக்கறான்."

சிரிப்பு காதுவரைக்கும் போனது.

"அங்கே எதைப் பாத்து பிரேக் போடுவே?"