ஆடி மாதத்துப் புகை

“தாயே, ஒரு நல்ல நாள் அமைய மாட்டேங்குது” என்றார் மாசிலாமணி.

மடத்து அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“எதுக்கு?”

“புது வீட்டுக்குக் குடிபோக.”

மாசிலாமணி பாத்திரக்கடைக்காரர். வயது அறுபத்து நான்கு. அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவள். வடகரை மடத்தில் தனியே இருப்பவள். எட்டு வருடமாக, வாரம் ஒருமுறை பாலம் கடந்து வந்து அவள் முன் தரையில் உட்காருகிறார் அவர்.

“வீடு முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு?”

“வர்ற ஆவணியோட ரெண்டு வருசம்.”

“அப்புறம் என்ன?”

“தை மாசம் ஒரு நாள் பார்த்தேன். மூத்தவனுக்கு லீவு கிடைக்கலை. வைகாசியில பார்த்தேன். மகளுக்கு அது எட்டாம் மாசம், ரயில் ஏறக்கூடாதுன்னுட்டாங்க. இந்தத் தையில அவளுக்குத் தோதுப்பட்டுது. அப்போ சின்னவன் கப்பல்ல இருந்தான்.”

“பிள்ளைக மூணு பேரும் அந்த வீட்டுல இருக்கப்போறாங்களா?”

“இல்ல தாயே. அவங்க அவங்க ஊர்லதான். நானும் உலகம்மாளும் மட்டும். ஆனா பால் காய்ச்சும்போது பிள்ளைக நிக்க வேண்டாமா? முதல் வாய்ப் பாலை மூத்தவனுக்கில்லா கொடுக்கணும்?”

“அவங்க என்ன சொல்லுதாங்க?”

“எங்களுக்காகக் காத்திருக்காதீங்கன்னு போன்ல சொல்லுதாங்க. அது சும்மா பேச்சுக்குச் சொல்லுறது.”

அம்மை ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தாள்.

“உலகம்மா?”

“அவ ஒண்ணும் சொல்லலை.”

“என்னைக்குமேவா?”

மாசிலாமணி யோசித்தார்.

“வீடு கட்டும்போது ஒண்ணு கேட்டா. பின்வாசல் ஆத்தைப் பார்த்து இருக்கணும்னா. இருக்கிற காலத்துக்கு உக்காந்து தண்ணியைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்னா. அப்படியே வச்சுக் கொடுத்தேன்.”

“அவ கால் எப்படி இருக்கு?”

“முட்டு வலி. பழைய வீட்டுல எட்டு அறை. ஆளில்லாத அறையெல்லாம் நிதம் கூட்டுதா. வேண்டாம்னா கேக்கமாட்டா. போன மாசம் மாடிப்படியில விழுந்துட்டா. இன்னொரு தடவை விழுந்தா நடக்குறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

சொல்லி முடிக்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

“அதான் கேக்க வந்தேன் தாயே. மூணு பேருக்கும் தோதா ஒரு நாள். நீங்க சொன்னா அமையும்.”

அம்மை கீரைத் தட்டை ஒதுக்கினாள். எழுந்து போய்த் தெற்கு ஜன்னலைத் திறந்தாள்.

“இப்படி வாரும்.”

ஆடி மாத ஆறு கரை தொட்டு ஓடியது. எதிர்க்கரையில், தென்னைகளுக்கு நடுவே, ஓட்டுக் கூரையோடு ஒரு சின்ன வீடு.

“என் வீடுதான் தாயே.”

“பாரும்.”

பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கூரைக்கு மேலே மெல்லிசாகப் புகை எழுந்தது.

மாசிலாமணி ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

“எவனோ அடுப்புப் பத்த வச்சிருக்கான்! பால் காய்ச்சாத வீட்டுல!”

“தினமும் இந்நேரத்துக்குத்தான்.”

“தினமுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நீரும் வாராவாரம் இந்த ஜன்னலுக்குப் பக்கத்துலதான் உக்காருதீரு.”

“சாவி என் இடுப்புல இருக்கு. கள்ளன் எப்படி உள்ள போனான்?”

“போய்க் கள்ளனையே கேளும்.”

அவர் செருப்பைச் சரியாக மாட்டாமலே பாலத்துக்கு ஓடினார். வழியில் கிடந்த ஒரு கம்பை எடுத்துக்கொண்டார்.

முன்கதவு பூட்டியபடியே இருந்தது. சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போனார். தென்னை மட்டை எரிகிற வாசனை.

ஆற்றில் இறங்கும் படியில் உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். முடியை அவிழ்த்துக் காயவிட்டிருந்தாள். கால் இரண்டும் தண்ணீருக்குள். பக்கத்தில் ஒரு டம்ளர் காப்பி. ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

பிள்ளையைத் தூங்கவைக்க அல்லாமல் அவள் பாடி அவர் கேட்டதில்லை.

ஆள் அரவம் கேட்டுத் திரும்பினாள். பாட்டு நின்றது. கம்பைப் பார்த்தாள்.

“யாரை அடிக்க?”

அவர் கம்பைக் கீழே போட்டார்.

“எத்தனை நாளா?”

“கொத்தனார் சாரம் பிரிச்ச மறுநாள்ல இருந்து. நீங்க கடைக்குப் போனதும் வருவேன். விளக்கு வைக்கிறதுக்குள்ள போயிருவேன். பின்கதவுச் சாவியை ஆசாரி என்கிட்டத்தான் கொடுத்தாரு.”

“பால்?”

“அன்னைக்கே காய்ச்சிட்டேன்.”

“தனியாவா?”

“தனியாத்தான். ரெண்டு டம்ளர்ல ஊத்துனேன். ஒண்ணை நான் குடிச்சேன். இன்னொண்ணு ஆறிப்போச்சு. ஆத்துல விட்டுட்டேன்.”

மாசிலாமணி ஆற்றைப் பார்த்தார்.

“என்கிட்டச் சொல்லக்கூடாதா உலகம்மா?”

“நீங்க நாள் பார்த்துக்கிட்டு இருந்தீங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“இருங்க, உங்களுக்கும் காப்பி போடுதேன்” என்று எழப்பார்த்தாள். கை சுவரைத் தேடியது.

“நீ உக்காரு. தூள் எந்த டப்பாவுல இருக்கு?”

“நீங்களா போடப்போறீங்க?” என்று சிரித்தாள். “அலமாரியில, கீழ்த்தட்டு.”

மாசிலாமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

எந்தக் காலை முதலில் வைத்தார் என்று அவர் பார்க்கவில்லை.