எண்ணெய் குடித்த கல்

சிறியவர்களே, பெரியவர்களே, கேளுங்கள். நொய்யல் ஆற்றில் கோடையிலும் தண்ணீர் ஓடிய காலம். அதன் கரையில் ஒரு குடும்பம் இருந்தது. அறுத்தால் உள்ளே வளையம் வளையமாக வரி தெரியும் கற்களை ஆற்று மணலில் பொறுக்குவது அவர்கள் பிழைப்பு. பாட்டன் பொறுக்கினான், தந்தை பொறுக்கினான், பிறகு சேந்தியும் அவள் தம்பி பண்ணனும் பொறுக்கினார்கள்.

அவர்கள் வீட்டில் முட்டை அளவு கல் ஒன்று இருந்தது. குடும்பத்துக்கு முதன்முதலில் கிடைத்த கல். அதை அறுக்கும் வழக்கமில்லை. ஆண்டுதோறும் வெள்ளம் வடிந்ததும் நல்லெண்ணெய் பூசித் துடைத்து வைப்பார்கள். கல் சிவந்துகொண்டே வந்தது. உள்ளே செவ்வரி உண்டு என்று பாட்டன் சொன்னான், தந்தை சொன்னான், ஊரும் சொன்னது.

பேச்சு அரசன் காதுக்கு எட்டியது. ஆள் வந்தான். "கல்லோடு வாருங்கள். மன்னருக்கு மோதிரம் செய்ய வேண்டும். செவ்வரி உண்டு என்று வாக்குக் கொடுங்கள். மெய்யானால் ஆற்றங்கரை முழுதும் உங்களுக்கு. பொய்யானால் இனி ஆற்றில் இறங்கக் கூடாது."

வழியில் பண்ணன் சொன்னான்: "உண்டு என்று ஒரு சொல் சொல், அக்கா. வாயா தேய்ந்துவிடும்?"

"வாய் தேயாது. வரி இல்லாவிட்டால் பிழைப்புத் தேடி நடந்து கால் தேயும்."

அரசன் கேட்டான்: "உள்ளே செவ்வரி உண்டா?"

"பாட்டனார் உண்டு என்றார், அரசே."

"உன் பாட்டனை நான் கேட்கவில்லை. உண்டா?"

"ஊரார் உண்டு என்கிறார்கள்."

"ஊரையும் கேட்கவில்லை. நீ சொல்."

"நான் பார்த்ததில்லை, அரசே. எனக்குத் தெரியாது."

சபை சிரித்தது. "பரம்பரையாகக் கல் பொறுக்குகிறவளுக்குத் தெரியாதாம்!" பண்ணன் தலைகுனிந்தான்.

கல்லை அறுத்தார்கள். உள்ளே வெறும் சாம்பல் நிறம். ஒரு வரிகூட இல்லை. எண்ணெய் ஊறிய ஓரம் மட்டும் நகக்கனம் சிவந்திருந்தது.

சிரிப்பு நின்றது. அரசன் சொன்னான்: "என்னிடம் கல் கொண்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. பெண்ணே, ஆற்றங்கரை உங்களுக்கே. இனி நீ பார்த்துச் சொல்லாத கல் என் கருவூலத்துக்குள் வராது."

வெளியே வந்ததும் பண்ணன் மெல்லக் கேட்டான்: "அக்கா, அப்படியானால் பாட்டன் பொய் சொன்னாரா?"

"இல்லையடா. அவருக்கும் அவர் பாட்டன் சொல்லியிருப்பார், பாவம்" என்றாள் சேந்தி.

ஆகவே, முன்னோர் சொன்னதே ஆனாலும், தான் காணாததற்குத் தான் வாக்குக் கொடுக்கக் கூடாது.